செகண்ட் ஹேண்ட் ஸ்பீடு போட் வாங்கப் போறீங்களா? இன்ஜினைப் பார்க்கும் முன் பின்பலகையைத் தட்டிப் பாருங்க!

புளியங்குடியில் பழைய லோடு வண்டி வாங்கப் போகிறவர் தனியாகப் போக மாட்டார். பழகிய மெக்கானிக் ஒருவரைக் கூடவே கூட்டிக்கொண்டு போவார். அந்த மெக்கானிக் பெயின்ட்டைப் பார்க்க மாட்டார். குனிந்து சேஸிஸைப் பார்ப்பார், ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பார், கடைசியாக, "ஒரு ரவுண்டு போயிட்டு வந்திருவோம்ணே" என்பார். எலுமிச்சை ஏற்றிக்கொண்டு மலை ஏறி கேரளாவுக்கு ஓட வேண்டிய வண்டி. ஆரியங்காவு பக்கம் நின்றுவிட்டால் சரக்கு என்ன ஆகும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

இதே ஜாக்கிரதை படகு விஷயத்தில் வருவதில்லை. மொபைலில் நாலு போட்டோ, நுரை கிளப்பிப் பாயும் ஒரு வீடியோ, "200 ஹெச்.பி., 90 மணி நேரம்தான் ஓடியிருக்கு" என்று ஒரு வரி. அட்வான்ஸ் போய்விடுகிறது.

கடலே இல்லாத ஊருக்கும் ஸ்பீடு போட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மேப்பைத் திறந்து பாருங்கள். மேற்கே செங்கோட்டை தாண்டி மலை இறங்கினால் கொல்லம், அஷ்டமுடி காயல். கிழக்கே சங்கரன்கோவில், கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடி. காலையில் கிளம்பினால் இரண்டில் எதுவானாலும் மதியத்துக்குள் போய்விடலாம். வளைகுடா நாட்டிலும் பெங்களூருவிலும் சம்பாதித்த காசை நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து வாட்டர் ஸ்போர்ட்ஸில் போடும் யோசனை இந்தப் பக்கத்து இளைஞர்களுக்கும் வரக்கூடியதுதான். புதுப் படகின் விலையைக் கேட்டதும் அடுத்த கேள்வி, "செகண்ட் ஹேண்ட்ல எதுவும் கிடைக்குமா?"

கிடைக்கும். எதைப் பார்த்து வாங்குவது என்பதில்தான் சிக்கல்.

பளபளப்பு எதையும் சொல்லாது

முதலில் ஒரு அடிப்படை விஷயம். அதிவேகப் படகு தண்ணீரில் மிதந்தபடி ஓடுவதில்லை. வேகம் பிடித்ததும் அதன் முன்பாதி மேலே எழும்பிவிடும். பின்பகுதி மட்டும் தண்ணீரை உரசிக்கொண்டு போகும். அப்போது மொத்த பாரமும், மொத்த உந்துதலும் ஒரே இடத்தில் வந்து சேர்கிறது. அதுதான் இன்ஜின் மாட்டியிருக்கும் பின்பலகை, டிரான்சம். 250 ஹெச்.பி. ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜினின் எடை மட்டுமே சுமார் கால் டன். அவ்வளவு கனம் நாலைந்து போல்ட்டில் தொங்கிக்கொண்டு, ஒவ்வொரு அலைக்கும் அந்தப் பலகையை உலுக்குகிறது.

பல பழைய ஃபைபர் படகுகளில் அந்தப் பலகையின் நடுவில் இருப்பது பிளைவுட். வெளியே ஃபைபர், உள்ளே மரம். போல்ட் துளை வழியாகத் தண்ணீர் கசிந்து உள்ளே போனால் மரம் ஊறி, இற்றுப்போகும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. வாங்கியவர் முழு வேகத்தில் போகும்போது ஒருநாள் தெரியும்.

அதனால் படகைப் பார்க்கப் போனதும் சீட், மியூசிக் சிஸ்டம், எல்.இ.டி. லைட் எல்லாவற்றையும் தாண்டி நேரே பின்பக்கம் போங்கள். சின்ன ரப்பர் சுத்தியல் ஒன்று போதும். பின்பலகையை வரிசையாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கெட்டியான சத்தம் வரும். ஊறிப்போன இடத்தில் சத்தம் மந்தமாகும். தேங்காய் தட்டிப் பார்த்து வாங்குகிற ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்து, இன்ஜினைப் பாதி தூக்கிய நிலையில் நிறுத்தி, அதன் கீழ்முனையை இரண்டு கையாலும் அழுத்துங்கள். பின்பலகை அசைந்தாலோ, போல்ட்டைச் சுற்றிக் கீறல் விரிந்தாலோ பேரம் பேச வேண்டாம், வண்டியைத் திருப்புங்கள். டிரான்சத்தைப் பிரித்து மாற்றும் செலவு பல நேரம் படகின் லாபத்தையே விழுங்கிவிடும்.

பிறகு அடிப்பாகம். மேல்பூச்சான ஜெல்கோட்டில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள் இருக்கலாம். எல்லாமே ஆபத்து இல்லை. ஒரே இடத்தில் இருந்து சுற்றிலும் பரவும் கீறல் என்றால் அங்கே அடி விழுந்திருக்கிறது, அல்லது உள்ளே இருக்கும் தாங்குசட்டம் விட்டுப்போயிருக்கிறது. கொப்புளங்கள் தெரிந்தால் ஃபைபருக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. அப்படி ஒரு கொப்புளம் உடைந்தால் வரும் திரவத்தில் புளிச்ச வாடை அடிக்கும். எலுமிச்சை ஊர்க்காரர்களாக இருந்தாலும் அந்தப் புளிப்பு பிடிக்காது. அடிப்பாகம் முழுக்க ஃப்ரெஷ்ஷாகப் பெயின்ட் அடித்திருந்தால், "எப்போ அடிச்சீங்க, ஏன் அடிச்சீங்க?" என்று கட்டாயம் கேளுங்கள்.

இன்னொரு சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. கொத்தனார் பூச்சு வேலையில் மட்டம் பார்க்கும் நேரான அலுமினியச் சட்டத்தை வாங்கிப் போய், படகின் அடியில் கடைசி ஒன்றரை மீட்டருக்கு நீளவாக்கில் வைத்துப் பாருங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் அடிப்பாகம் குழிந்திருக்கிறது என்று அர்த்தம். சரியான தாங்கல் இல்லாத டிரெய்லரில் வருடக்கணக்கில் கிடந்தால் இப்படி ஆகும். மெதுவாகப் போகும் படகில் இது பெரிய விஷயம் இல்லை. வேகப் படகில் மூக்கைத் தண்ணீருக்குள் அழுத்தி, திடீரென ஒரு பக்கம் இழுத்துவிடும்.

எடைமேடைக்கு ஒரு நடை

பலரும் செய்யாத, ஆனால் எலுமிச்சை மண்டிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு உடனே புரியும் வழி ஒன்று இருக்கிறது. படகை ஏற்றிய லாரியை எடைமேடையில் ஏற்றுங்கள். லாரியின் காலி எடையைக் கழியுங்கள். அந்த மாடலுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் எடையையும் இன்ஜின் எடையையும் கூட்டி ஒப்பிடுங்கள். டேங்க்கில் இருக்கும் பெட்ரோல், மேலே பொருத்திய சாமான்கள் எல்லாம் கழித்த பிறகும் நூறு, இருநூறு கிலோ கூடுதலாகக் காட்டினால், அது பெரும்பாலும் தண்ணீர். தரைக்கு அடியில் நிரப்பியிருக்கும் ஃபோம் ஊறி, ஈரத் துணி மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அந்தப் படகு சொன்ன வேகத்தை எட்டவே எட்டாது.

'90 மணி நேரம்தான் ஓடியிருக்கு' என்றால் நல்லதா?

அவசியம் இல்லை. கார் இன்ஜினுக்கு இறக்கம் உண்டு, சிக்னல் உண்டு, நியூட்ரல் உண்டு. படகுக்கு இறக்கமே கிடையாது. தண்ணீர் எப்போதும் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். நாள் முழுக்க செங்கோட்டை மலைப்பாதையில் இரண்டாவது கியரில் ஏறுவது போலத்தான் அதன் வாழ்க்கை. ஆகவே மொத்த மணி நேரத்தைவிட, எந்த ஆர்.பி.எம்.மில் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதே முக்கியம்.

யமஹா, சுசுகி, மெர்குரி போன்ற நிறுவனங்களின் நவீன அவுட்போர்டு இன்ஜின்களில் இது கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும். டீலரின் மெக்கானிக் லேப்டாப்பை இணைத்தால் ஓடிய மணி நேரம், பழைய கோளாறுகள் எல்லாம் தெரியும். பந்தயத்தில் ஓடிய படகா, சுற்றுலாப் பயணிகளை நாள் முழுக்க ஏற்றியதா, வார இறுதியில் மட்டும் வெளியே எடுத்ததா என்ற கதை அதிலேயே கிடைத்துவிடும். விற்பவர், "அதெல்லாம் எதுக்கு தம்பி, என் பேச்சை நம்புங்க" என்றால் நம்ப வேண்டாம்.

எட்டு வருடத்தில் 90 மணி நேரம் என்றால் இன்னொரு கவலை. உப்புத் தண்ணீரில் ஓடிவிட்டு நல்ல தண்ணீரால் கழுவாமல் நிறுத்திய இன்ஜினுக்குள் உப்பு படிந்து குளிர்விக்கும் குழாய்களை அடைத்துவிடும். டேங்க்கில் தேங்கிய பெட்ரோல் வேறு. இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பெரும்பாலான அவுட்போர்டு இன்ஜின்களின் கையேடுகள் 10 சதவீதம் வரைதான் அனுமதிக்கின்றன. எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். கடலோரத்தில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. பழைய ஹோஸ், ஃபில்டர், இன்ஜெக்டர் எல்லாவற்றையும் மாற்றும் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மெக்கானிக் செய்ய வேண்டிய சோதனைகள் இரண்டு. ஒன்று கம்ப்ரஷன் டெஸ்ட். எல்லா சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் இன்ஜினைப் பிரிக்க வேண்டிவரும். இரண்டாவது, இன்ஜினின் கீழ்ப்பகுதியில் இருக்கும் கியர் ஆயில். திருகைத் தளர்த்திக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் சீல் போய்த் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. தூள் தூளாக இரும்பு வந்தால் கியரே தேய்கிறது.

விளம்பரத்தில் பெருமையாகச் சொல்லும் ஒரு வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும்: "ஒரிஜினல் 115 ஹெச்.பி., இப்போ 200 ஹெச்.பி. மாத்தியிருக்கோம்." இது பிளஸ் பாயின்ட் அல்ல, சிவப்புக் கொடி. எத்தனை ஹெச்.பி. வரை தாங்கும் என்று பல படகுகளில் தகடே அடித்திருப்பார்கள். அதைத் தாண்டினால் பின்பலகை தாங்காது, படகும் ஓட்டுபவர் சொல் பேச்சு கேட்காது.

தண்ணீரில் இறங்காமல் பணம் இறங்கக் கூடாது

2024 டிசம்பர் 18. மும்பை கேட்வே ஆஃப் இந்தியாவில் இருந்து எலிஃபண்டா தீவுக்கு நூற்றுக்கும் மேற்பட்டவர்களுடன் 'நீல் கமல்' என்ற ஃபெரி போய்க்கொண்டிருந்தது. அதே துறைமுகப் பகுதியில் கடற்படையின் அதிவேகப் படகு ஒன்று இன்ஜின் சோதனை ஓட்டத்தில் இருந்தது. இன்ஜின் கோளாறால் கட்டுப்பாட்டை இழந்து, அது நேராக ஃபெரியின் மீது மோதியது. 15 பேர் இறந்தார்கள். அந்தப் படகில் இருந்தவர்கள் பயிற்சி பெற்றவர்கள். இன்ஜின் நிறுவனத்தின் ஆட்களும் உடன் இருந்தார்கள்.

சோதனை ஓட்டம் என்பது குடும்பத்தோடு ஒரு ரவுண்டு போய் செல்ஃபி எடுப்பது அல்ல என்பதற்காகத்தான் இது. ஓட்டுவது அனுபவம் உள்ளவராக இருக்கட்டும். ஆள் நடமாட்டம், வேறு படகுகள் இல்லாத அகலமான இடமாக இருக்கட்டும். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட். ஓட்டுபவரின் உடம்போடு கில் ஸ்விட்ச் கயிறு. அவர் இருக்கையை விட்டுத் தூக்கி எறியப்பட்டால் இன்ஜினை நிறுத்துவது அந்தச் சிவப்புக் கயிறு ஒன்றுதான். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைவான படகுகளில் இதை மாட்டிக்கொள்வது 2021 ஏப்ரல் முதல் சட்டமாகவே இருக்கிறது. கயிற்றை இழுத்தால் இன்ஜின் நிற்கிறதா என்பதைக் கரையிலேயே சோதித்துவிடுங்கள்.

போனதும் முதலில் இன்ஜின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக ஏற்கெனவே ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆறிய இன்ஜின் எப்படிப் பற்றுகிறது என்பதைப் பார்க்கும் வாய்ப்பு போய்விட்டது. இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லலாம். இன்ஜின் படகுக்குள்ளேயே இருக்கும் மாடல் என்றால் ஸ்டார்ட் செய்வதற்கு முன் நாலு நிமிடமாவது புளோயரை ஓடவிட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் தங்கிவிடும், ஒரு பொறி போதும்.

ஓடத் தொடங்கியதும் இன்ஜின் பக்கவாட்டில் இருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறதா என்று கவனியுங்கள். குளிர்விக்கும் பம்ப் வேலை செய்வதற்கு அதுதான் அடையாளம். பிறகு படிப்படியாக வேகத்தைக் கூட்டி, சில விநாடிகள் முழு ஆக்ஸிலரேட்டர். இன்ஜின் கையேட்டில் முழு வேகத்தில் எட்ட வேண்டிய ஆர்.பி.எம். போட்டிருக்கும், பல ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்களுக்கு அது 5,000 முதல் 6,000 வரை. உங்கள் படகு 4,500-லேயே மூச்சு வாங்கினால் காரணம் மூன்றில் ஒன்று: இன்ஜின் பலவீனம், பொருந்தாத புரொப்பல்லர், அல்லது ஊறிக் கனத்த படகு. எடைமேடை ரசீது கையில் இருந்தால் மூன்றாவது காரணமா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும்.

நேராகப் போகும்போதே மூக்கு டால்பின் மாதிரி மேலும் கீழும் குதித்தால் ட்ரிம்மை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் அடங்கவில்லை என்றால் அடிப்பாகத்தின் வடிவம் மாறியிருக்கலாம். வேகம் கூடக் கூட இடதும் வலதுமாக ஆடத் தொடங்கினால் உடனே மெதுவாக வேகத்தைக் குறைக்க வேண்டும். ஸ்டீயரிங்கில் லூஸ் இருந்தாலும் இப்படி ஆகும், படகின் வடிவமைப்பே அப்படி இருந்தாலும் ஆகும். அந்த ஆட்டத்தை அடக்கி ஓட்டுவது பந்தய ஓட்டுநர்களின் வேலை. 2018 நவம்பரில் விஜயவாடா அருகே கிருஷ்ணா நதியில் நடந்த ஃபார்முலா 1 படகுப் பந்தயத்தைப் பார்த்துவிட்டு அந்த ஆசை வந்தவர்கள் உண்டு. அந்தப் படகுகள் 400 ஹெச்.பி.யில் 200 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுபவை. ஓட்டுபவர் அடைக்கப்பட்ட கூண்டுக்குள் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பார். உங்கள் படகில் அது எதுவும் இல்லை.

கரைக்கு வந்ததும் அடித்தளத்தின் மூடியைத் திறந்து பாருங்கள். போகும்போது காய்ந்திருந்த இடத்தில் தண்ணீர் நின்றால் அது எங்கிருந்து வந்தது என்பதற்குப் பதில் கிடைக்கும்வரை பணம் பேச வேண்டாம்.

பேப்பர் யார் பேரில்?

2023 மே 7. கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அது சுற்றுலாவுக்காகக் கட்டப்பட்டதே இல்லை, பழைய மீன்பிடிப் படகை மாற்றி அமைத்தது என்பது விசாரணையில் தெரியவந்தது. அது ஸ்பீடு போட் இல்லைதான். ஆனால் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வரும் எந்தப் படகுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்: இது முதலில் எதற்காகக் கட்டப்பட்டது, யார் அனுமதியோடு மாற்றினார்கள்?

காயல், ஆறு போன்ற உள்நாட்டு நீர்ப்பரப்பில் ஓடும் இயந்திரப் படகுகளுக்கு 1917-ம் ஆண்டுச் சட்டத்தை மாற்றி 2021-ல் புதிய உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் வந்தது. சர்வே சான்றிதழ், பதிவுச் சான்றிதழ், இன்சூரன்ஸ் மூன்றும் தேவை. ஒரு மாநிலத்தில் எடுத்த பதிவு நாடு முழுக்கச் செல்லும் என்பது கொல்லத்தில் வாங்கி இந்தப் பக்கம் கொண்டுவருபவர்களுக்கு நல்ல செய்தி. மீன்பிடிப் படகாகப் பதிவான ஃபைபர் படகு என்றால் கதை வேறு. அதை வைத்து சுற்றுலாப் பயணிகளை ஏற்ற முடியாது.

பதிவுச் சான்றிதழில் இருக்கும் படகு எண்ணும் இன்ஜின் எண்ணும் நேரில் இருப்பவையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். அமெரிக்கத் தயாரிப்பு என்றால் பின்பலகையின் வலது மூலையில் 12 எழுத்து-எண் கொண்ட அடையாளம் பொறித்திருக்கும், கடைசி இரண்டும் மாடல் வருடம். இன்ஜின் எண்ணைச் சுரண்டியிருந்தால் ஒரு நிமிடம்கூட நிற்க வேண்டாம். 2008 மும்பைத் தாக்குதல் வழக்கில், தாக்குதல் நடத்தியவர்கள் கரையேறிய ரப்பர் படகின் யமஹா இன்ஜின் பாகிஸ்தானுக்கு அனுப்பப்பட்டது என்பதைக் காட்டிக்கொடுத்தது அதன் எண்தான்.

தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் இது இன்னும் முக்கியம். இலங்கைக்கு பீடி இலையும் மஞ்சளும் கடத்தும்போது சிக்குபவற்றில் ஃபைபர் படகுகள் அதிகம். கடத்தலுக்குப் பயன்பட்ட படகைப் பறிமுதல் செய்ய சுங்கச் சட்டத்தின் 115-வது பிரிவு இடம் கொடுக்கிறது. வழக்கில் இருக்கும் படகைத் தெரியாமல் வாங்கினால் பணமும் போகும், ஸ்டேஷனுக்கு அலைச்சலும் மிஞ்சும். பெயர் மாற்றாமல் விற்றவருக்கும் இதே கதிதான். அதனால் பதிவு அலுவலகத்தில் பெயர் மாறும்வரை முழுத்தொகை கைமாறக் கூடாது.

"துபாயில் சீப்பா கிடைக்குது, கன்டெய்னர்ல கொண்டு வந்துடலாம்" என்று யோசிப்பவர்களுக்கு: சொந்த உபயோகத்துக்கான பழைய பொருட்களை இறக்குமதி செய்ய வெளிநாட்டு வர்த்தகத் துறையின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் சுங்க வரி. உல்லாசப் படகுகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 40 சதவீதம். துபாய் விலையைப் பார்த்து வந்த சந்தோஷம் துறைமுகத்தோடு முடிந்துவிடும்.

எங்கே ஓட்டுவீர்கள்?

வாங்கிய பிறகு பலரும் கேட்கும் கேள்வி இது, முன்பே கேட்டிருக்க வேண்டியது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை உள்ள 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியின்றித் தீவுகளை நெருங்க முடியாது. பாக் விரிகுடாப் பகுதியில் 2022-ல் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு கடற்பசு பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. கடற்புல் மேய வரும் கடற்பசுவுக்கு வேகமான புரொப்பல்லரை விட்டு விலகத் தெரியாது. அஷ்டமுடியிலோ ஹவுஸ்போட்டும் மீனவர்களின் சிறு வள்ளங்களும் நிறைந்திருக்கும்; 200 ஹெச்.பி.யை வைத்துக்கொண்டு அங்கே பெரும்பாலும் ஊர்ந்துதான் போக வேண்டும். இந்த இரண்டு இடங்களுக்குமே அதைவிடச் சின்ன இன்ஜின் போதும் என்று தோன்றினால், பட்ஜெட்டும் அதோடு பாதியாகிவிடும்.

எப்போது வாங்குவது? ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் மேற்குக் கரையில் படகுகள் கரையேறும். கேரளத்தில் சுற்றுலாவும் படுத்துவிடும், விலை பேச நல்ல நேரம் அதுதான். ஆனால் அந்தக் கடலில் சோதனை ஓட்டம் முடியாது. காயலில் ஓட்டிக் காட்டுவார்கள், அங்கே அலை இல்லை. படகின் உண்மையான குணம் அலையில்தான் தெரியும். தட்டிப் பார்ப்பது, எடை போடுவது, கம்ப்ரஷன் டெஸ்ட் எல்லாவற்றையும் மழைக் காலத்திலேயே முடித்துவிட்டு, ஒரு சிறு அட்வான்ஸ் கொடுங்கள். கடல் அடங்கியதும் சோதனை ஓட்டம், அதில் தேறினால் மீதிப் பணம், இல்லையென்றால் அட்வான்ஸ் வாபஸ் என்று அக்ரிமென்ட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குச் சம்மதிக்கும் விற்பனையாளரின் படகை மட்டும் லிஸ்ட்டில் வைத்துக்கொண்டால், பார்க்க வேண்டிய படகுகளின் எண்ணிக்கை அப்போதே பாதியாகக் குறைந்துவிடும்.